முழுப்பரீட்சை லீவில் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளை என்ன செய்ய வைக்கலாம்?

கேள்வி இது. பையன் எட்டாவது முடிக்கிறான், பெண் ஏழாவது. வீடு பெருந்துறையில். அப்பா, அம்மா இரண்டு பேருமே திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீடு காங்கேயம் பக்கம், தோட்டமும் கிணறும் உண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை ஐந்தாறு வாரம் லீவு. பணம் கட்டி கோடை முகாமில் சேர்ப்பதா, அப்பிச்சி வீட்டில் விடுவதா? வீட்டில் இருந்தால் நாள் முழுக்கப் போன்தான், அதற்கு என்ன வழி?

அப்பிச்சி வீட்டில் விடுங்கள், ஆனால் வெறுமனே விடாதீர்கள் என்பதுதான் என் பதில். பத்து நாள் முகாமில் கராத்தே, கீபோர்டு, ஓவியம், அபாகஸ் என்று நாலையும் தொட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு ஜூன் மாதம் எதுவும் கையில் தங்குவதில்லை. ஏப்ரலில் தனியாகச் செய்யத் தெரியாத ஒன்றை ஜூனில் தனியாகச் செய்ய வேண்டும். நான் பார்க்கும் அளவுகோல் அது ஒன்றுதான். அந்தக் கணக்கில் நீச்சல் முதலில். அடுத்து சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது, பிறகு உங்கள் தொழிலோடும் அப்பிச்சியின் தோட்டத்தோடும் ஒட்டிய, அளந்து பார்க்கும் வேலைகள். மற்றதெல்லாம் பிள்ளையின் விருப்பம்.

நாளை எப்படிப் பிரிப்பது என்பதை வெயில்தான் முடிவு செய்யும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கம் அதற்கு முன்பே நிலம் காய்ந்து கிடக்கும். அதனால் உடம்பு வேலை எதுவானாலும் காலை 6 முதல் 9.30 வரை, சாயங்காலம் 4.30 முதல் 6.30 வரை. பகல் 10 முதல் 4 வரை கூரைக்குக் கீழேதான். எட்டு மணி வரை தூங்கவிட்டால் அந்த நாளின் நல்ல நேரம் போய்விடும், மிச்சமிருப்பது போன் பார்க்கும் நேரம்தான். லீவின் முதல் மூன்று நாள் தூங்கட்டும், நாலாம் நாளிலிருந்து ஆறு மணிக்கு எழுப்புங்கள். குடிக்கக் கம்மங்கூழ், மோர், எலுமிச்சைச் சாறு என்று உப்புப் போட்டது ஏதாவது இரண்டு வேளை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தாலோ அன்றைக்கு வெளி வேலை வேண்டாம்.

இனி நீச்சல். நம் ஊரில் பையன்களை எப்படியோ கிணற்றில் இறக்கிப் பழக்கிவிடுகிறோம், பெண் பிள்ளைகளைக் கரையிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். காவிரி, பவானி, நொய்யல், அமராவதி, காலிங்கராயன் வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால், ஊருக்கு நாலு கிணறு என்று தண்ணீர் சூழ்ந்த பகுதியில் நீந்தத் தெரியாமல் வளர்வது ஆபத்து.

பெருந்துறை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் நெஞ்சளவு ஆழமுள்ள நீச்சல் குளம் கிடைத்தால் முதல் வாரத்தை அங்கே தொடங்குவது நல்லது. கிணறுதான் என்றால், இறங்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு, இவற்றில் எதையும் விடக்கூடாது. நீர்மூழ்கி மோட்டாரோ, கரையில் இருக்கும் மோட்டாரோ, ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயினை இறக்கி ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் போகும் வயரில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் கிணறு முழுக்க மின்சாரம் பாயும். வேறு யாரோ தெரியாமல் ஸ்விட்ச் போட்டுவிடுவதும் நடக்கிறது. அடுத்து, ஏறி வர இரண்டு இடமாவது இருக்கிறதா என்று பாருங்கள். படி ஒரு பக்கம் மட்டும் என்றால் எதிர்ச் சுவரில் ஒரு தடிமனான கயிற்றை முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும், போன தை மாதம் மூழ்கியிருந்த பாறைத் துருத்தல் இப்போது ஒரு முழ ஆழத்தில் இருக்கும். மேலிருந்து தலைகீழாகக் குதிப்பதை இந்த லீவில் முழுதாகத் தடை செய்யுங்கள். கழுத்தெலும்பு முறிவது அப்படித்தான். பாழ்கிணறு, பல மாதம் யாரும் இறங்காத ஆழக் கிணறு எதிலும் இறங்கவே கூடாது. அடியில் கெட்ட காற்று தங்கியிருக்கும், இறங்கியவர் மயங்கினால் தூக்கப் போனவரும் மயங்குவார்.

தண்ணீரில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர், கரையில் இன்னொருவர். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பிள்ளையின் நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டி மறுமுனையைக் கரையில் இருப்பவர் பிடிக்க வேண்டும். வயிற்றில் கட்டினால் இழுக்கும்போது உடம்பு மடங்கி முகம் தண்ணீருக்குள் போகும். மிதவைக்கு லைஃப் ஜாக்கெட் நல்லது. இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த, ஓட்டையில்லாத சுரைக்காய் இரண்டை முதுகுப் பக்கம் கட்டும் பழைய முறையே போதும். காற்றடித்த லாரி டியூப் எனக்குப் பிடிக்காது. பிள்ளை அதன் நடுவே வழுக்கி இறங்கிவிடும், டியூபும் கைக்கு எட்டாமல் தள்ளிப் போய்விடும்.

கற்றுத் தருவதிலும் ஒரு வரிசை உண்டு. நம்மவர்கள் முதலிலேயே கையைப் போடச் சொல்கிறார்கள், அதனால்தான் பிள்ளை பதறுகிறது. முதல் இரண்டு நாள் படியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூக்கு வழியே குமிழ் விடட்டும். மேலே வந்ததும் வாயால் மூச்சிழுக்க வேண்டும். தண்ணீருக்குள் மூச்சை அடக்கி வைத்திருக்கும் பிள்ளை வெளியே வந்ததும் விடவும் இழுக்கவும் இரண்டும் செய்யப் பார்த்துத் தண்ணீரைக் குடித்துவிடும். இது பழகியபின் மல்லாந்து மிதப்பது. காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், முகவாய் மேலே பார்க்க வேண்டும், நெஞ்சு நிறைய மூச்சு, இடுப்பைத் தூக்கி வைக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் இங்கே செய்யும் பிழை தன் காலைப் பார்க்கத் தலையைத் தூக்குவது. தலை ஒரு சாண் மேலே வந்தால் இடுப்பு உடனே இறங்கும். சொல்லித் தருபவர் தன் உள்ளங்கையைப் பிடரிக்குக் கீழே லேசாக வைத்திருந்தாலே போதும், தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மல்லாந்து மிதக்க வந்த பிறகு காலடி. முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பது போல அடித்தால் உடம்பு நகராது, தொடையிலிருந்து அடிக்க வேண்டும். கையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

தினமும் முப்பது, நாற்பது நிமிடம் போதும். குளிரில் உதடு நீலமானால் உடனே மேலே ஏற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் பிடிபட்டுவிடும். ‘நீந்தத் தெரியும்’ என்று எப்போது சொல்லலாம்? தலை மூழ்கும் ஆழத்தில் இறங்கி, தானே மேலே வந்து, ஒரு நிமிடம் மிதந்து, ஒரு சுற்றுத் திரும்பி, 25 மீட்டர் எப்படியாவது நீந்தி, யார் கையையும் பிடிக்காமல் ஏறி வரவேண்டும். கடைசி இரண்டு நாள் இதையே அன்றாட உடையில் செய்யட்டும். பேண்ட், சட்டையோ சுடிதாரோ நனைந்தால் எப்படி இழுக்கும் என்று அப்போதுதான் தெரியும். தவறி விழுகிறவர்கள் நீச்சல் உடையில் விழுவதில்லை.

கிணற்றில் தேறியவனுக்கு வாய்க்காலும் ஆறும் வேறு. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது சரிவுக் கரை பாசியேறி வழுக்கும், நீந்தத் தெரிந்தவராலும் பிடித்து ஏற முடியாது. மதகுக்கும் பாலத்தடிக் குழாய்க்கும் அருகே உள்ளிழுக்கும். காவிரியில் மணல் அள்ளிய குழிகள் உண்டு, முழங்கால் ஆழத்திலிருந்து அடுத்த அடியிலேயே தலை மூழ்கும். பவானி ஆற்றின் கொடிவேரி அணைக்குப் போனால் தடுப்பு போட்ட இடத்தைத் தாண்ட வேண்டாம்.

மூழ்குகிறவரைக் காப்பாற்றப் பிள்ளைகள் ஒருபோதும் குதிக்கக்கூடாது என்பதைச் சொல்லிச் சொல்லி ஏற்றுங்கள். கூட்டாளி ஒருவன் மூழ்கும்போது அடுத்தடுத்துக் குதித்தவர்களும் சேர்ந்து போகிறார்கள். கத்திக் கூப்பிட வேண்டும். கயிறு, வேட்டி, துப்பட்டா, மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர்க் கேன் என்று எது கிடைத்தாலும் வீச வேண்டும். அந்தக் கேன் ஒன்றே ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தாங்கும், பிடித்துத் தொங்கும் பெரிய ஆளின் தலையை வெளியே வைக்க அது தாராளம். மேலே எடுத்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் பழக்கம் தவறு. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்ய வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒரு தலையணையில் பகலில் இதைப் பழகலாம்.

அடுத்தது சைக்கிள். பஞ்சர் போடத் தெரிந்த பிள்ளைக்குப் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவு கைக்குள் வந்துவிடும். இரண்டு டயர் லீவர், பம்பு, உப்புத்தாள், சொல்யூஷன் டியூப் ஒன்று, ஒட்டுப் பட்டை, ஸ்பேனர் செட், நான்கைந்து வால் டியூப் (வால்வுக்குள் மாட்டும் சின்ன ரப்பர்க் குழாய்) வாங்கிக் கொடுங்கள்.

காற்று இறங்கினால் உடனே டயரைக் கழற்றக்கூடாது. காற்று அடித்துவிட்டு வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் பஞ்சர் இல்லை, உள்ளே இருக்கும் வால் டியூப் நைந்திருக்கிறது. நம் பழைய மாடல் சைக்கிள்களில் ராத்திரியோடு காற்று இறங்குவதற்கு முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். புது ரப்பரைத் தண்ணீரில் நனைத்து, வால்வுத் தண்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளை முழுக்க மூடும்வரை ஏற்ற வேண்டும். எண்ணெய் தடவி ஏற்றினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

வால்வு சரியாக இருந்தால்தான் டயர். மிச்சக் காற்றையும் விட்டுவிட்டு, டயரின் ஓரத்தைக் கையாலேயே சுற்றிலும் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ள வேண்டும். தளர்வு கிடைப்பது அப்போதுதான். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரை விட்டு நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஒரு பஞ்சரை ஒட்டப் போய் இரண்டாவது பஞ்சரை அதுவே போட்டுவிடும். டியூபை வெளியே எடுத்து லேசாகக் காற்றடித்து, அகலமான போசியில் தண்ணீர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மூழ்க வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்திவிடாமல் முழுச் சுற்றும் பார்க்கச் சொல்லுங்கள். நெருஞ்சி முள் என்றால் இரண்டு, மூன்று இடத்தில் குத்தியிருக்கும். ஓட்டையைச் சுற்றிப் பேனாவால் பெரிய பெருக்கல் குறி போடுங்கள். சின்னப் புள்ளி வைத்தால் உப்புத்தாள் தேய்க்கும்போது அழிந்துவிடும்.

ஈரம் துடைத்து, ஒட்டுப் பட்டையைவிட அகலமாக, ரப்பரின் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கேதான் எல்லாப் பிள்ளைகளும் அவசரப்படுகின்றன. ஈரமாக இருக்கும்போதே பட்டையை வைத்தால் அது வழுக்கி நகரும், அடியில் காற்று அடைபடும், மறுநாளே ஓரம் கிளம்பும். விரல் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாத பக்குவம் வரவேண்டும், ஏறக்குறைய ஐந்து நிமிடம். பிறகு பட்டையை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். டியூபைத் திருப்பி மாட்டும் முன் டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள், விரலை ஓட்டினால் கிழியும். வேலிக்காத்தான் முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றிருக்கும், அதை இடுக்கியால் பிடுங்காமல் மாட்டினால் நூறடி போவதற்குள் அதே இடத்தில் குத்தும். மாட்டும்போது டியூபில் கொஞ்சம் காற்று இருந்தால் முறுக்கிக்கொள்ளாது. கடைசிப் பகுதியை லீவர் போடாமல் கட்டைவிரலால் தள்ளி ஏற்றுங்கள். வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விட்டுவிட்டு அரைக் காற்று அடித்து, டயர் எங்காவது புடைத்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தபின் முழுக் காற்று.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் அது முள் வேலை இல்லை. காற்றுக் குறைவாக வைத்துக் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். வால்வின் அடிப்பகுதியிலேயே கசிந்தால் ஒட்டுப் போட்டு நிற்காது, டியூபை மாற்றியாக வேண்டும். செயின் நடுப்பகுதி அரை அங்குலம் ஆடினால் சரி. செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடுவது நம் வீடுகளில் வழக்கம், அது மண்ணைப் பிடித்துப் பிசினாகிவிடும். மெஷின் ஆயில் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். செயின் சுற்றும்போது விரலும் துப்பட்டாவும் கிட்டே போகக்கூடாது.

நீங்கள் பனியன் தொழிலில் இருப்பவர்கள் என்றால் பகல் நேரத்துக்கு அருமையான வேலை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. வேஸ்ட் துணி கொஞ்சம் கொண்டுவாருங்கள், 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடை போட்டு 100-ஆல் பெருக்கினால் அந்தத் துணியின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 1.8 கிராம் வந்தால் 180. கம்பெனியில் வட்டக் கட்டரால் வெட்டுவதும் இதே 100 சதுர சென்டிமீட்டர்தான். பழைய டீ ஷர்ட், பள்ளிச் சட்டை, துண்டு, சென்னிமலைப் போர்வை என்று வீட்டில் இருப்பதை எல்லாம் அட்டவணை போடட்டும். சிங்கிள் ஜெர்சி (டீ ஷர்ட்டுக்குப் போடும் மெல்லிய பின்னல் துணி) வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும், இழுத்துப் பிடித்து அளந்தால் கணக்குத் தப்பும். அதனால் துணியை மேசையில் தளர்வாக விரித்து, அட்டையில் வெட்டிய அச்சை மேலே வைத்துப் பேனாவால் கோடு போட்டபின் வெட்ட வேண்டும். ஒரே துணியில் ஐந்து இடத்தில் வெட்டிச் சராசரி எடுத்தால் எண் நம்பும்படி இருக்கும்.

இன்னொரு சோதனை சுருக்கம். துவைக்காத துணியில் 50 சென்டிமீட்டர் சதுரத்தை அழியாத மார்க்கரால் வரைந்து, துவைத்து, நிழலில் படுக்கையாகக் காயவைத்து மறுபடி அளக்கட்டும். நீளத்தில் 47.5 ஆனால் 5 சதவீதம் சுருக்கம். கொடியில் தொங்கவிட்டுக் காயவைத்ததையும் படுக்கவைத்துக் காயவைத்ததையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே எண் காட்டாது. ஏன் என்று நீங்கள் சொல்லாமல் அவர்களே யோசிக்கட்டும். சதவீதக் கணக்கை ஏழாம் வகுப்புப் பாடத்தில் படித்ததைவிட இதில் அழுத்தமாகப் படிவார்கள்.

தையலும் இதோடு சேரும், பையனுக்கும் சேர்த்துத்தான். ஒரு மஞ்சப்பையில் தொடங்கலாம். 15 அங்குல அகலம், 35 அங்குல நீளம் காடாத் துணி. குறுக்கே மடித்து இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, வாயில் ஒன்றரை அங்குலம் மடித்தால் 14-க்கு 16 பை கிடைக்கும். கைப்பிடிக்கு 3 அங்குல அகலம், 20 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை, நாலாக மடித்துத் தைக்க வேண்டும். பை கிழிவது எப்போதும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். அங்கே ஒற்றைக் கோடாகத் தைக்காமல் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டால் ஐந்து கிலோ மளிகை தாங்கும். கையூசியானால் பின்தையல் போடச் சொல்லுங்கள், ஓட்டுத்தையல் ஒரு இடத்தில் அறுந்தால் முழுக்கப் பிரியும்.

தோட்டத்துக்குப் போனபின் அப்பிச்சியின் மோட்டாரை அளக்கச் சொல்லுங்கள். ஸ்விட்சைப் பெரியவர் போடட்டும். குழாய் வாயில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து எத்தனை நொடியில் நிறைகிறது என்று பார்க்க வேண்டும். 8 நொடி என்றால் நொடிக்கு 2.5 லிட்டர், மணிக்கு 9,000 லிட்டர். வேகம் அதிகமாக இருந்து வாளியிலிருந்து தெறித்தால் 200 லிட்டர் டிரம்மில் அளப்பது சரியாக வரும். போட்டவுடன் ஒருமுறை, அரை மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்தால் கிணற்று மட்டம் இறங்க இறங்க நீர் குறைவது எண்ணாகத் தெரியும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 1,02,800 லிட்டர் வேண்டும். இந்த மோட்டார் அதற்கு பதினொன்றரை மணி நேரம் ஓட வேண்டும். அதே தோட்டத்தில் 60 தென்னைக்கு மரத்துக்கு நான்கு சொட்டுவான் (சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் முனை), ஒவ்வொன்றும் மணிக்கு 8 லிட்டர் என்றால் மணிக்கு 1,920 லிட்டர்தான். வாய்க்காலில் விடுவதா, சொட்டுநீரா என்ற பேச்சில் அடுத்த முறை இந்தப் பிள்ளையும் கணக்கோடு வாய் திறக்கும். சொட்டுவான் எட்டு லிட்டர் என்று அட்டையில் போட்டிருந்தாலும், உண்மையில் எவ்வளவு விடுகிறது என்று ஒரு டம்ளரில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கட்டும். 133 மில்லி வரவேண்டும். குழாயின் கடைசி மரத்தில் அதில் பாதிகூட வராது என்றால் உப்பு அடைத்திருக்கிறது அல்லது ஃபில்டரைக் கழுவ வேண்டும்.

பாத்தி போட ஆசைப்பட்டால் கீரை. வெண்டை, கத்தரி லீவுக்குள் காய்க்காது, சிறுகீரை 25 நாள் வாக்கில் பிடுங்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு சிட்டிகை விதையைப் பத்து மடங்கு மணலில் கலந்து தூவினால் திட்டுத் திட்டாக முளைக்காது. எறும்பு விதையைத் தூக்கிப் போகாமல் சுற்றிலும் சாம்பல். தண்ணீர் காலையில் மட்டும், பூவாளியால்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) பறவை பார்க்க நல்ல இடம். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல் என்று இருப்பதால் மயில், கௌதாரி, பனங்காடை, கரிச்சான், செம்போத்து எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தினமும் ஒரே மரத்தடியில் காலை 6.30-லிருந்து கால் மணி நேரம் உட்கார்ந்து, பார்த்ததையும் எண்ணிக்கையையும் நோட்டில் எழுதட்டும். கூட்டை நெருங்கிப் படமெடுக்க விடாதீர்கள், தாய்ப்பறவை விலகினால் காக்கை முட்டையை எடுத்துவிடும்.

ஒரு நாள் பயணம் என்றால் நொய்யல் கரைக் கொடுமணல். சென்னிமலையிலிருந்து பக்கம். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. அரிய கல்லில் மணி செய்த தொழிற்கூடம், இரும்பு உருக்கிய உலை, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் அகழாய்வில் கிடைத்தன. அந்தக் காட்டில் வெங்கச்சங்கல்லும் ஓட்டுச்சில்லும் காலில் இடறும், எதையும் எடுத்து வரக்கூடாது என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். எங்கே கிடந்தது என்பது தெரியாத பொருள் ஆய்வுக்குப் பயன்படாது. போகும் முன் ஈரோடு அரசு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டால் அங்கே நிற்கும்போது எதைப் பார்க்கிறோம் என்று புரியும். கோவைக்குப் போக முடிந்தால் 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் அரை நாளுக்குத் தகும்.

ஊரில் மாரியம்மன் நோம்பியை ஒட்டி வள்ளி கும்மிப் பயிற்சி நடந்தால் இரண்டு பிள்ளைகளையும் அனுப்புங்கள். ராத்திரி ஒன்றரை மணி நேரம் ஆடினால் வேறு உடற்பயிற்சி தேவையில்லை, அடி தப்பாமல் இருக்க எண்ணிக்கை மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரங்கேற்றம் என்று ஒரு நாள் குறித்திருப்பதால் பாதியில் விடுவதும் குறைவு.

‘லீவில் கம்பெனிக்கு அனுப்பினால் நாலு காசு வரும், பொறுப்பும் வரும்’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிரம்பாத பிள்ளையைக் கூலி வேலையில் வைப்பது எந்தத் தொழிலிலும் குற்றம். சொந்தக் குடும்ப வேலையில் ஆபத்தில்லாத உதவிக்கு விலக்கு உண்டு. சாயப்பட்டறை, விசைத்தறிக் கூடம் எல்லாம் குடும்பத்தினுடையதாக இருந்தாலும் இந்த வயதுக்கு வேண்டாம். அங்கே நிற்கும் சத்தமும் பஞ்சுத் தூசியுமே போதும் காதையும் நுரையீரலையும் கெடுக்க. பவானியில் ஜமக்காளத் தறியையோ சென்னிமலையில் கைத்தறியையோ ஒரு மணி நேரம் அருகே நின்று பார்த்து வருவது நல்லது.

ஸ்கூட்டியும் அப்படித்தான். தோட்டத்துக்கும் கடைக்கும்தானே என்று பதிமூன்று வயதுப் பையனிடம் சாவியைக் கொடுக்கிறோம். 2019 சட்டத் திருத்தத்தின்படி சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. அப்பிச்சியிடமும் மாமாவிடமும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், பிள்ளை கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது.

போனைப் பிடுங்குவது நடக்காது, இடத்தை மாற்றுவது நடக்கும். போன் திண்ணையில் அல்லது ஹாலில் ஒரே இடத்தில் இருக்கட்டும், படுக்கைக்கு வரக்கூடாது. பகல் 2 முதல் 3.30 வரை வெயில் நேரத்தில் கொடுங்கள், காலை 9.30-க்கு முன் இல்லை. போனில் பார்த்த ஒன்றைச் செய்து பார்க்கும் வேலை, பறவைக் குரலை அடையாளம் காண்பது, கணக்கைப் பதிவது இவையெல்லாம் நேரக் கணக்கில் சேராது என்றால் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும்.

தோட்டத்துக்கு அனுப்பும் முன் அப்பிச்சியிடம் பேசி முடிக்க வேண்டியவை மூன்று. கிணற்று மோட்டார் வயரையும் எர்த்தையும் எலக்ட்ரீசியன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மழை இருட்டினால் பிள்ளைகள் எங்கே ஒதுங்க வேண்டும் என்று முன்கூட்டியே காட்டி வைக்க வேண்டும். கோடை மழையில் இடி அதிகம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் 30 நொடிக்குள் இடைவெளி என்றால் தண்ணீரை விட்டேறிச் சாளைக்குள் (தோட்டத்து வீட்டுக்குள்) போய்விட வேண்டும். தென்னை, பனை, தனி மரத்தடி கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். மூன்றாவது, இருட்டியபின் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் வாசலைத் தாண்டக்கூடாது. பாம்பு கடித்தால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் படுக்கவைத்து, நடக்க விடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். அப்பிச்சி வீட்டிலிருந்து மிக அருகில் அந்த மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதை இந்த வாரமே விசாரித்து, அதன் போன் நம்பரையும் 108-ஐயும் சாளைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.